இரண்டு முறை சுத்தம் செய்த டப்பா

இந்தப் பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை இருபத்திரண்டு வருடமாக என் பொறுப்பு. குறடு, கண்ணாடி, துளைக்கும் முனை எதுவானாலும் என் கையைத் தாண்டித்தான் ஒருவர் வாய்க்குள் போக வேண்டும். டாக்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கிருமி'. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் ஆராய்ச்சிக்கூடம் வந்து நாலு வருடம் ஆகிறது. பிடுங்கிய ஞானப்பல்லை உடைத்து, உள்ளே இருக்கும் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, தட்டில் வளர்த்து, எலும்பு போன தாடையில் வைக்கிறார்கள். அவரவர் பல், அவரவர் தாடை. சிலருக்கு எலும்பு வளர்ந்ததை எக்ஸ்ரேயில் நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுகளைக் கவனிக்கும் ஆளுக்கு நான் வைத்த பெயர் ஈரக்கை. எப்போது பார்த்தாலும் கையைக் கழுவிவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வருவான். போன வருடம் அவன் வளர்த்த இரண்டு தட்டுகளில் பூஞ்சை பிடித்து எல்லாம் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. தலைமை டாக்டருக்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டேன்.

என் தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று அவள் மைக்கில் சொன்னால், தூங்கிக்கொண்டிருப்பவன்கூடச் சரியான வண்டியில் ஏறிவிடுவான். அவள் தாடையில் வந்த கட்டியை எடுத்தபோது, இடப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு எலும்பும் நாலு பல்லும் சேர்ந்து போயின. பேச்சு குழறிவிட்டது. அவளைப் பின்னறையில் உட்காரவைத்துப் பதிவேடு எழுதச் சொன்னார்கள். எலும்பு வளர்ந்தால் பல் வைக்கலாம், பல் வைத்தால் பேச்சு திரும்பும், பேச்சு திரும்பினால் மைக் திரும்பும். அவள் வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞானப்பல். மற்ற மூன்றையும் எப்போதோ பிடுங்கியாகிவிட்டது.

பிடுங்கும் பல்லைப் போட்டு மாடிக்குக் கொண்டுபோக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா உண்டு. கிருமி நீக்கி, உறைக்குள் ஒட்டி, முந்தின நாள் மாடியிலிருந்து இறங்கி வரும். பல் எடுக்கிற நேரத்தில்தான் அதில் செல்லுக்கான திரவத்தை ஊற்றுவார்கள். தங்கைக்கான டப்பாவை ஈரக்கைதான் கொண்டுவந்து வைத்தான். உறையின் ஓரத்தில் அவன் விரலின் ஈரம் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாருடைய டப்பாவாக இருந்தாலும் திட்டுவதோடு விட்டிருப்பேன்.

அவன் போனதும் உறையைக் கிழித்தேன். பிளாஸ்டிக் ஆவி இயந்திரத்தில் உருகிவிடும் என்பதால் டப்பாவைக் கிருமிநாசினி மருந்தில் ஊறப்போட்டேன். அரைமணி ஊறினாலே போதும். என் தங்கை ஆயிற்றே என்று மறுநாள் காலை வரை விட்டேன். ஊறியதை, மருந்து போகும்வரை சுத்திகரித்த தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். அன்று இருந்த ஒரே தண்ணீர்ப் புட்டியை யாரோ மூடாமல் வைத்திருந்தார்கள். அதில் அலசினால் ஊறப்போட்டதே வீண் என்று நினைத்து, டப்பாவை நன்றாக உதறிக் காயவைத்துப் புது உறையில் ஒட்டினேன்.

பல் எடுக்கும் அறையில் ஈரக்கை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது நான் ஒட்டின உறை மாதிரி தெரியலையே?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் வேலையப் பாரு."

தங்கை நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். அவள் எதிரில் வாக்குவாதம் வேண்டாமென்று அவன் திரவத்தை ஊற்றினான். பல் அதற்குள் விழுந்தது.

பத்து நாள் கழித்து அவனே என் அறைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு செல்கூட தட்டுல ஒட்டல அக்கா. பூஞ்சை இல்ல, கிருமி இல்ல. இவ்வளவு சுத்தமான தட்ட நான் பாத்ததே இல்ல. எல்லாம் அப்படியே வெறைச்சுப் போய்க் கெடக்கு. மருந்து ஏதாச்சும் பட்டா இப்படி ஆகும்." கொஞ்சம் தயங்கினான். "அந்த டப்பாவ நீங்க திரும்ப ஏதாவது பண்ணீங்களா?"

"நான் ஏன்டா தொடப்போறேன்?"

வாய் கூசாமல் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்த வாரமே, என் பழைய மூன்று கடிதங்களை மேசையில் வைத்துக்கொண்டு அவனிடம் விளக்கம் கேட்டார் தலைமை டாக்டர். அவனை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தங்கைக்கு வந்த காகிதத்தில் 'செல்கள் வளரவில்லை' என்று மட்டும் இருந்தது. தினமும் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கோ ஒரே பேச்சு. "என் உடம்பே இப்படித்தான்க்கா. உருப்படியா ஒண்ணும் தராது. கட்டி மட்டும் நல்லா வளந்துச்சு, நல்லது வளரச் சொன்னா வளராது. சனியன் புடிச்ச உடம்பு." தாடையில் குத்திக்கொள்வாள். நான் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, வாழைப்பழத்தை மசித்துக் கொடுப்பேன்.

மூன்றாவது வாரம் அவள் என்னிடம் ஒரு கடிதத்தின் நகலைக் காட்டினாள். அறிவிப்பாளர் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள்.

"எதுக்கு இன்னொருத்தி வழிய மறிச்சுக்கிட்டு? இனிமே நான் எங்க மைக் புடிக்கப்போறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உறையைக் கிழித்தது, ஊறப்போட்டது, அலசாமல் விட்டது, கேட்டவனிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் நிதானமாக அந்த நகலை மடித்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவன் வந்து சொன்ன அன்னைக்கே."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். குழறாமல் வரவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"பல்லு போனதக்கூட விடுக்கா. கைத்தப்புன்னு மனச ஆத்திக்கலாம். மூணு வாரமா நான் என் உடம்பத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்த."

பிறகு கதவைத் திறந்து, நான் எழுந்து வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.