மக்கள்தொகை: ஒன்று

"மிஷின் சத்தம் வெளிய கேக்கக் கூடாது. இருமல் வந்தா தலையணையில வாயை வெச்சு இருமிக்கோ. நான் வந்து மூணு தடவை தட்டி, 'போயிட்டாங்க'ன்னு சொன்னப்புறம்தான் தாழ்ப்பாளை எடுக்கணும். புரிஞ்சுதா?"

அண்ணன் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். தங்கை உள்ளே நின்று கேட்டாள்.

"புரிஞ்சுதுண்ணா. தும்மல் வந்தா?"

"வரக்கூடாது."

"சரிண்ணா."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த வீட்டில் ஆறு வருடமாக இதுதான் ஏற்பாடு. கைதியும் அவளே, காவலாளியும் அவளே. கணவன் இறந்த மறு மாதம், ஒரு தையல் மிஷினோடும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். "முன்னறைப் பக்கம் வரவேண்டாமே, நாலு பேர் வந்து போற இடம்" என்று அண்ணன் சொன்னார். அந்த நாலு பேர் யார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புழங்குவதெல்லாம் பின்வாசல் வழிதான். அவள் தைத்த உடுப்புகள் மட்டும் மடித்துக் கட்டப்பட்டு முன்வாசல் வழியாகக் கம்பீரமாக வெளியே போயின.

இன்று வரப்போகிறவர்கள் அண்ணனின் பெரிய மகளைப் பெண் கேட்டு வரும் வீட்டார். மாப்பிள்ளை நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறவர். பெரியவள் அத்தை தைத்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டுகளைத் தட்டில் வட்டமாக அடுக்கிக் கொண்டிருந்தாள். அம்மா ஒரு கையில் துடைப்பமும் மறுகையில் கவலையுமாக முன்னறையைச் சுற்றிவந்தாள். சுவரில், நாற்காலிக்கு நேர் மேலே, போன மழையில் ஊறிய ஈரக்கறை ஒன்று யானை வடிவத்தில் நின்றது.

"இந்த யானையை எதால மூடுறது?" என்றாள் அம்மா.

தரையில் கிடந்த சின்னவளின் வரைபடம் அவள் கண்ணில் பட்டது. பச்சை, மஞ்சள், பழுப்பு என்று வண்ணம் பூசியிருந்தது. சுற்றிலும் நீலம். அளவும் யானைக்குச் சரியாக இருந்தது. நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டிவிட்டாள்.

"அம்மா, அது நாளைக்கு டீச்சர்கிட்ட குடுக்கணும்!"

"நாளைக்குத்தானே? இன்னிக்கு அக்கா மாமியார்கிட்ட காட்டு."

அந்த வரைபடம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுப்பவரை எல்லோரும் அட்லஸ் டீச்சர் என்பார்கள். மலையைச் சொல்லிக்கொடுக்க மேஜைமேல் ஏறுவார், பள்ளத்தாக்கைச் சொல்லிக்கொடுக்க மேஜைக்கடியில் உட்காருவார். போன வாரம் அவர் முடிதிருத்தும் கடையில் இருக்கும் தண்ணீர் பீச்சும் குப்பி ஒன்றோடு வந்தார். வகுப்பிலேயே உயரமான, 'கொக்கு' என்று பெயரெடுத்த மாணவியை நடுவில் நிறுத்தினார். அவளுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் சின்னவள்.

"கொக்குதான் மலை. நான்தான் கடல்காத்து. தயாரா?"

டீச்சர் ஓடிவந்து பீச்சினார். முன்னால் நின்றவள் தொப்பலாக நனைந்தாள். கொக்கின் மூக்கிலிருந்து அருவி கொட்டியது. பின்னால் நின்ற சின்னவளின் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"ஏன் உன்மேல மழையே இல்ல? நீ என்ன தப்பு பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல டீச்சர்."

"அதான்! மழை மறைவுப் பகுதி எந்தத் தப்பும் பண்ணல. முன்னால மலை நிக்குது, அவ்வளவுதான். எழுதிக்கோங்க."

பிறகு வீட்டுப்பாடம் வந்தது. ஏதாவது ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கவனிக்க வேண்டும். நிலம், தட்பவெப்பம், மக்கள், விளைச்சல், ஏற்றுமதி, இறக்குமதி, எல்லை எல்லாம் வரைபடத்தில் வரவேண்டும். வட்டாரத்தின் பெயரை மட்டும் எழுதக் கூடாது. வகுப்பே குறிப்புகளைப் படித்துக் கண்டுபிடிக்கும். கீழே பெற்றோர் கையெழுத்து.

சின்னவளுக்கு வெயிலில் அலைய மனமில்லை. அதனால் வீட்டையே வட்டாரமாக்கிக்கொண்டாள். சுற்றி ஓடும் சாக்கடை கடலாயிற்று. அத்தையின் நாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அத்தைதான் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அடுப்படி, மாடிப்படி, பின்னறை எல்லாம் அளந்தாயிற்று. முன்னறை மட்டும் பாக்கி. அங்கே அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார்.

"அப்பா, காலைத் தூக்குங்க, அளக்கணும்."

"அப்புறம்."

அந்த 'அப்புறம்' ஒரு வாரமாகியும் வரவில்லை. முன்னறை நீளத்தைச் சின்னவள் குத்துமதிப்பாகப் போட்டு, பக்கத்தில் 'உறுதியில்லை' என்று எழுதினாள். அத்தை மட்டும், "அளக்காம எழுதாதடி" என்று கதவிடுக்கு வழியாகத் திட்டினாள்.

அப்பா கையெழுத்துப் போட்டபோது படத்தை அரைக்கண்ணால் பார்த்தார். தலைமை எழுத்தராக இருக்கும் அவருக்கு அலுவலகத்தில் 'தெரியும் சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும், தெரியும். வடக்கே இருக்கிற தீவு நாடு" என்று கையெழுத்திட்டுத் தந்தார்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, பெரியவளும் வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்தது உடுப்பின் தையலை.

"அடடா, என்ன நேர்த்தி! யாரு தைச்சது?"

"அது... வெளிய குடுத்துத் தைச்சது" என்றாள் அம்மா. பெரியவள் தரையைப் பார்த்தாள்.

பேச்சு அங்கேயே நொண்டியது. விருந்தாளிகளின் கண்கள் பேச்சைத் தேடி அறையைச் சுற்றி, சுவரில் போய் நின்றன.

"அது எந்த நாடு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

'தெரியும் சார்' நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உலகில் இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

"வடக்கே ஒரு தீவுங்க. நான் நிறையப் படிச்சிருக்கேன். நடுவுல பாருங்க, மத்திய பீடபூமி. 'மக்கள்தொகை: ஒன்று.'"

"ஒண்ணா?"

"ஒரு கோடி. குழந்தை சைபரையெல்லாம் விட்டுட்டா. 'விளைச்சல்: இல்லை. இறக்குமதி: தேநீர், செய்தித்தாள். ஏற்றுமதி: உத்தரவுகள்.' ஆளுறவங்க அங்கதான் இருப்பாங்க போல. வெறும் சோம்பேறிங்க!"

சின்னவள் பிஸ்கட்டை வாய்க்குள் முழுதாகத் தள்ளிக்கொண்டாள். பெரியவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கிழக்கே எரிமலைப் பகுதி. 'ஆண்டு முழுதும் வெப்பம். மக்கள் விடியுமுன் வருவர், எல்லோரும் உண்டபின் திரும்புவர்.' பாவம், இவங்களுக்கு லீவே இல்ல."

அம்மா இப்போதுதான் வரைபடத்தைக் கவனித்துப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்றபடியே அவள் கண்கள் எரிமலையிலிருந்து தென்மேற்குக்கு மெல்ல நகர்ந்தன. நகர நகர, கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"என்னங்க, போதுங்க..."

"இரு, முக்கியமானதைச் சொல்லணும். தென்மேற்கே மழை மறைவுப் பகுதி. 'ஏற்றுமதி: வாரம் முப்பது உடுப்புகள். இறக்குமதி: நூல், ஆறிய சாப்பாடு. பீடபூமிக்குள் அனுமதி இல்லை. வெளியார் வரும்போது எல்லை மூடப்படும்.' கேட்டீங்களா அநியாயத்தை? ஊருக்கே துணி தைச்சுக் குடுக்கறாங்க, ஆனா நடுப்பகுதியில கால் வைக்கக் கூடாதாம்! இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்க. காட்டுமிராண்டிக் கூட்டம்!"

"அந்த ஊர்ல எவ பொண்ணு எடுப்பா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அவங்க அப்படி என்னதான் தப்பு பண்ணாங்களாம்?"

"ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள் சின்னவள், பிஸ்கட்டை விழுங்கிவிட்டு. "முன்னால மலை நிக்குது. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை அதுவரை வாயே திறக்கவில்லை. தேநீர்க் கோப்பையோடு எழுந்து போய்ப் படத்தின் அடியில் குனிந்தார். தொழில் பழக்கம், அவர் எந்தப் படத்தையும் அளவிலிருந்துதான் படிப்பார்.

"சார், ஒரு சந்தேகம். இந்த நாட்டோட அகலம் இருபத்திரண்டு அடிதான் வருது."

"சின்ன நாடுங்க."

"நீளம் முப்பத்தொரு அடி."

"ரொம்பச் சின்ன நாடு."

மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். அவர் விரல் கடற்கரையில் ஏறி, எரிமலையைத் தாண்டி, தென்மேற்கே நின்றது. அப்படியே திரும்பினார். விரலுக்கு நேராக, பின்னறைக் கதவு.

'தெரியும் சார்' மறுபடி வரைபடத்தை மேலிருந்து கீழே படித்தார். பீடபூமியில் வந்ததும் அவர் உதடுகள் நின்றுவிட்டன. தெரிந்தவற்றிலேயே அவருக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக.

"அத்தை" என்றாள் பெரியவள். நிமிர்ந்துதான் சொன்னாள். "இந்த உடுப்பைத் தைச்சவங்க."

அப்போது உள்ளே ஒரு தும்மல். நன்றாக, மனம் விட்டுத் தும்மிய தும்மல். தொடர்ந்து மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. மூன்று தட்டுக்காகவும் 'போயிட்டாங்க' என்ற சொல்லுக்காகவும் ஆறு வருடம் காத்திருந்த தாழ்ப்பாள், ஒருவரும் தட்டாமலே திறந்துகொண்டது.

அத்தை வந்தாள். கழுத்தில் நாடா, உதட்டோரம் ஒரு குண்டூசி. முன்னறை விளிம்பில் ஒரு கணம் நின்றாள், தண்ணீரில் இறங்குமுன் ஆழம் பார்ப்பவள்போல. பிறகு இறங்கினாள். ஊசியை எடுத்து நாடாவில் குத்திக்கொண்டாள்.

"வாங்க. டீ ஆறிடுச்சே, வேற போடட்டுமா?" என்று விருந்தாளிகளைக் கேட்டாள். அவர்கள் தலையாட்டுவதற்குள் சின்னவளிடம் திரும்பினாள். "நீ என்னடி உக்காந்திருக்க? நாளைக்கு டீச்சர் 'உறுதியில்லை'ன்னு பாத்தா மார்க்கைக் குறைப்பாங்க. இந்தா, இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்படியில நில்லு."

"அம்மா," என்றார் மாப்பிள்ளை தணிந்த குரலில், "நம்ம வீட்டை நான் இதுவரைக்கும் அளந்ததே இல்ல. மாடி அறையில சித்தி..."

"சும்மா இரு" என்றார் அவர் அம்மா. ஆனால் நாடா வருவதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே தன் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

சின்னவள் வாசல்படியில் முனையை அழுத்திப் பிடித்தாள். நாடா முடிந்த இடத்தில் குண்டூசியால் கீறி, அங்கிருந்து மறுபடி தொடங்கி, அத்தை தரையோடு தரையாக அறையின் குறுக்கே வந்தாள். நாடா சாய்வு நாற்காலியில் வந்து நின்றது. இரண்டு பாதங்கள் வழியில் இருந்தன.

"அண்ணா," என்றாள், "காலைக் கொஞ்சம் தூக்குங்க."

அவர் 'அப்புறம்' என்று சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை பார்த்தார், மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார், அடுப்படி வாசலிலிருந்து எரிமலை பார்த்தது.

தூக்கினார்.

நாடா அவருக்கடியில் புகுந்து சுவரைத் தொட்டது. "பதினஞ்சு அடி, மூணு அங்குலம்" என்றாள் அத்தை. "பதினாலுன்னு போட்டிருக்க. ஒண்ணேகால் அடி பெரிசு. எழுதிக்கோ."

சின்னவள் எழுதினாள். அண்ணன் மெதுவாகக் காலை இறக்கப் போனார்.

"இருங்கண்ணா" என்றாள் தங்கை, நாடாவை நிதானமாகச் சுருட்டியபடி. "இன்னொரு தடவை அளந்துடறேன்."