இறங்கக் கூடாத பெட்டி

வெளிநாட்டுக் கப்பலின் ஏணியடியில் காவலாளி விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அடிபட்ட ஆள் ஒருவனை இறக்கத்தான் அந்த மீன்பிடிக் கப்பலைத் துறைமுகத்துக்குள் விட்டிருந்தார்கள். ஆள் இறங்கலாம், கப்பல் பிடித்த மீன் ஒன்றுகூடக் கரையைத் தொடக் கூடாது. சட்டம் அப்படி. போன மாதம் இதே இடத்தில் நின்றவன், எவனோ அன்பாகக் கொடுத்த ஒரு மீனை வாங்கிப் பையில் போட்டான். மறுநாளே வேலை போயிற்று. அந்த வேலைதான் இப்போது இவருக்கு வந்திருக்கிறது.

இயல்பிலேயே அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார். பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார் என்று மனைவி கேலி பேசுவாள். இங்கே வந்தபின் அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைத்தது.

ஸ்ட்ரெச்சர் இறங்கியது. மயங்கிக் கிடந்தவனின் வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். துண்டு முழுக்க ரத்தம். காவலாளி போர்வையைத் தூக்கிக் காலடிவரை தடவிப் பார்த்தார். எதுவும் இல்லை. பின்னாலேயே அவன் கூட்டாளி ஒருவன் ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தான்.

"நில்லு! அது என்ன?"

அவன் தன் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னான். காவலாளி மூடியைத் திறந்தார். நொறுக்கிய ஐஸ், ஓரத்தில் செதில், ரத்தக்கறை. மீன் வாடை குப்பென்று அடித்தது.

"அதானே பார்த்தேன்!"

கூட்டாளி அவர் கையைப் பற்றிக்கொண்டு அழுதான். நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்தார். யாராவது பார்த்தால் காசு வாங்கியதாகச் சொல்வார்களே! வெடுக்கென்று கையை உதறினார்.

"பெட்டியையும் ஏத்திக்கட்டுமா அண்ணே?" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டான்.

"ஆளை மட்டும் ஏத்து. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." கூட்டாளியைப் பெட்டியோடு கப்பலுக்கே திருப்பி விரட்டினார்.

ஆம்புலன்ஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் டிரைவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அந்தாளு கையில ரெண்டு விரல் இல்ல. வெட்டுப்பட்டதை ஐஸ்ல வெச்சு அனுப்பினதா கேப்டன் சொல்றாராம். சீக்கிரம் வந்தா ஒட்டிரலாம்னு டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. அந்தப் பெட்டி எங்கண்ணே?"

காவலாளி பதறிப்போய்ச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"விரலா? யாரு பார்த்தா?" என்றார் சூப்பர்வைசர். "அடியில மீன் இல்லேன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா? கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து திறக்கட்டும்."

"எப்ப சார் வருவாரு?"

"சாப்பிடப் போயிருக்காரு."

ஏணியில் ஒரு காலை வைத்த காவலாளி, கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டார். மேல்தளத்தில் கூட்டாளி பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். உருகிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மீன் அறையிலிருந்து அள்ளி வந்த புது ஐஸைக் கை கையாகப் போட்டு மூடினான்.