கலங்கலை ஒரு அடி உயர்த்தும் கதை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகத்தான் பிறந்தது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பும் அடித்துக் கொடுப்பேன். எப்போதோ ஒரு பத்திரிகையில் என் கதை வந்து தொலைத்ததால், எங்கள் வட்டார மக்கள் நலக் குழுவுக்கு எது எழுதுவதென்றாலும் என் தலையில்தான் விழும். இப்போது சட்டமன்றம் கூடப்போகிறது. எம்.எல்.ஏ.விடம் கொடுக்கக் கோரிக்கை மனு வேண்டும் என்றார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறை கண்ட எம் மண்ணில்—”

(வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் அந்தக் கல்வெட்டில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும்.)

2.

குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலை ஒரு அடி உயர்த்த வேண்டும். கூடுதலாகத் தண்ணீர் நின்றால் இன்னொரு போகம் உண்டு. அப்புறம், ஏரிக்குள் தாழ்வான இடத்தில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்கு மேட்டில் மனைப்பட்டா வேண்டும். இரண்டுக்கும் எல்லோரும் கை தூக்கினோம். போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

டைப் அடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கலங்கல் உயர்ந்தால் அந்தக் குடிசைகள் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு முன்னால் பட்டா வந்திருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வின் உதவியாளரோ கறாராகச் சொல்லிவிட்டார்: “நேரமில்லா நேரத்துல ஒண்ணுதான் பேச முடியும். மேல எது கீதோ அத்த பேசுவாரு.”*

* சட்டமன்றத்தில் அவசரப் பிரச்சினை பேசக் கொடுக்கும் நேரத்துக்கு அதுதான் பெயர். நான் வைத்ததில்லை. இத்தனை நல்ல தலைப்பு எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

3.

கதையென்றால் வில்லன் வேண்டும். குழுத் தலைவர் தாமோதரன் அண்ணனைப் போட்டுப் பார்த்தேன். “ஆறு ஏக்கர் நெல் நிலத்துக்காரரான அவர், ஏழைகளின் கண்ணீரைக் கண்டும்—”

(எடுத்துவிட்டேன். போன மழையில் அந்தக் குடும்பங்களைத் தன் களத்துக் கொட்டகையில் தங்கவைத்துச் சோறு போட்டவர் அவர். என்ன பாடுபடுத்தினாலும் வில்லனாக நிற்க மாட்டேன் என்கிறார்.)

“ஏரிய மேல போடும்மா,” என்றார் போனில். “தண்ணி வந்தா எல்லார்க்கும்தான். நடவுக்கு அவங்கதான வரப்போறாங்க?”

“அவங்க வூடு முழுகிடுமே, அண்ணா?”

“மனு குடுத்தா நாளைக்கே கட்டிடுவாங்களா இன்னா? கவர்மெண்டு வேல. பேஜார் பண்ணாம அடிம்மா.”

4.

அடுத்து தேவி. அந்தக் குடிசைகளில் ஒன்று அவளுடையது. கதையில் அவளை ஓரமாக அழவைக்கலாம் என்பதுதான் என் திட்டம். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதின வரைக்கும் படிக்கச் சொன்னாள்.

“நான் அழுதுக்கினு நிக்கறனா? எப்போக்கா அழுதேன்? ஏரிக்கு மொதல்ல கை தூக்கனவளே நான்தான்.”

“அதான் கேக்கறேன். ஏம்மா தூக்கன?”

“நடவு இல்லன்னா இன்னாத்த துன்றது? தண்ணி வேணும்க்கா. மொதல்ல நாங்க மேல ஏறிக்கறோம், அப்பால தண்ணி ஏறட்டும். பட்டா இல்லாம முழுகினா, ஏரில யாரு உன்ன வூடு கட்ட சொன்னதுன்னு கேப்பாங்க.”

அழவைக்க நினைத்ததற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணனுக்கும் தண்ணீர் வேண்டும், இவளுக்கும் தண்ணீர் வேண்டும். அவர் காத்திருந்தால் ஒரு போகம் போகும், இவள் காத்திருந்தால் வீடு போகும். இதில் எதை மேலே அடிப்பது?

5.

முடிவு ஒன்று: எம்.எல்.ஏ. இரண்டையும் பேசுகிறார், அவையே மேசையைத் தட்டுகிறது. (போங்கள், நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: ஐப்பசி மழை. கலங்கல் உயர்ந்துவிட்டது. தேவியின் குடிசைக்குள் அடுப்பு மெல்ல மிதந்து—

“நிறுத்துக்கா,” என்றாள் தேவி. “எங்க வூட்ட முழுகடிச்சாதான் உனுக்குக் கதையா?”

எடுத்துவிட்டேன். மனசே இல்லை, நன்றாக வந்துகொண்டிருந்த வாக்கியம்.

முடிவு மூன்று: இரண்டு கோரிக்கைகளையும் எண் போடாமல் விட்டுவிட்டு, “வாசகரே, எது முதலில் என்று நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள்” என்று முடிப்பது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புதுமையாகவும் இருக்கும், யாரும் என்னைத் திட்டவும் முடியாது. பெருமையோடு படித்துக் காட்டினேன்.

தேவி சிரித்துவிட்டாள். “படிக்கறவங்கள இன்னாத்துக்குக்கா கேக்கற? அவங்க வூடு மேட்லதான கீது?”

உங்களுக்காவது பதில் வருகிறதா?

கர்சரை நகர்த்தி எண் போட்டேன். பிரிண்டும் எடுத்துவிட்டேன். சட்டமன்றத்தில் அதைப் பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். நாளைக் காலை தாமோதரன் அண்ணன் வந்து முதல் வரியைப் படித்துவிட்டு, “இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற?” என்று கத்துவார்.

கத்தட்டும். கடையைத் திறந்துதான் வைத்திருப்பேன்.