கழுத்துக்குப் பத்து நிமிடம்

கேட்டில் இருந்த காவலாளி மடக்கு நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தைப் பதிக்கப் பஞ்சு வைத்த வளையம், அதன் கீழே கை வைக்க ஒரு பலகை, முழங்கால் ஊன்ற இரண்டு திண்டுகள். எந்தப் பக்கம் உட்கார்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னம்மா இது, பல்லு புடுங்கறதா?"

"கழுத்து புடிச்சு விடறதுண்ணா. உள்ள மேடம் வரச் சொல்லியிருக்காங்க."

"எல்லாருக்குமா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"கேட்டுல நிக்கிறவனுக்கும் கழுத்துன்னு ஒண்ணு இருக்குன்னு மேடத்துகிட்ட சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் தடுப்பைத் தூக்கினார்.

நாற்காலியை இடது தோளில் மாட்டிக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். வலது கையில் தூக்கியிருக்கலாம். ஆனால் ஒரு மாதமாகவே வலது கட்டைவிரல் அடிக்கடி மரத்துப் போகிறது. காலையில் பற்பசை மூடியைத் திறக்கப் பல்லால் கடிக்க வேண்டியிருக்கிறது. இதை அவள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு அவள் மசாஜ் அக்கா. ஹோட்டல் ஒன்றின் தரைக்குக் கீழே இருந்த ஜன்னல் இல்லாத அறையில் பல வருஷம் அடுத்தவர் முதுகைத் தேய்த்தவள், போன வருஷம் துணிந்து வெளியே வந்தாள். மடிக்கிற படுக்கையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இடுப்பு பிடித்தவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று ஆள் சேர்ந்தது. போன் எடுப்பது, நேரம் குறிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் கணவனின் தங்கை. வீட்டில் அவளைச் சிட்டு என்பார்கள். துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, அண்ணியும் நாத்தனாரும்தான் ஒரே வீட்டில்.

புத்தாண்டு அன்று காலையில் சிட்டு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் நாம வளர்றோம் அண்ணி. சும்மா இல்ல, எழுதி வெச்சு வளர்றோம். முதல்ல ஒரு கம்பெனி கான்ட்ராக்ட். அப்புறம் வாடகைக்கு ஒரு ரூம், வாசல்ல போர்டு. அப்புறம் நான் கடை வேலையை விட்டுட்டு முழுநேரமா உங்ககூட வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஒண்ணு எழுதேன்."

"எழுதிட்டாப் போச்சு." கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

சொன்னபடியே எங்கோ பேசி, யாரையோ பிடித்து, பொட்டலம் கட்டி அனுப்பும் இந்தக் கிடங்கின் வேலையைச் சிட்டு கொண்டுவந்தாள். புது வருஷத்தில் தொழிலாளர்களுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்களாம். முதலில் ஒரு நாள் சோதனை. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க, வாரத்தில் மூன்று நாள். கடையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன் என்றாள் சிட்டு. அந்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே கூடம் கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டிருந்தது. பெல்ட்டில் அட்டைப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் சாம்பல் நிற மேல்சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் நின்றபடி குனிந்து, எடுத்து, டேப் ஒட்டி, தள்ளினார்கள். உட்கார ஒரு முக்காலி கூட அங்கே இல்லை. நலத்துறை மேடம் சுவர் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினாள்.

"ஆளுக்குப் பத்து நிமிஷம். கழுத்து, தோள், அவ்வளவுதான். லைன் நிக்கக் கூடாது. ஒருத்தர் எழுந்தா அடுத்தவர்."

முதலில் வந்த இளைஞன் கூச்சப்பட்டு நெளிந்தான். அக்கா அவன் தோளில் கை வைத்ததும் திடுக்கிட்டாள். ஹோட்டலுக்கு வந்த தோள்கள் இப்படி இல்லை. இது காய்ந்த கட்டை. கழுத்தடியில் முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஒவ்வொரு ஆளாக வந்து, முகத்தை வளையத்தில் பதித்து, பெருமூச்சு விட்டு, எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்கள் போல விழித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் எழுந்ததும் வளையத்தில் விரிக்கும் காகிதத்தை அவள் மாற்றினாள். சில காகிதங்கள் ஈரமாக இருந்தன.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். நடு வயது. கால் செருப்பைக் கழற்றும்போதே முனகினாள்.

"எங்க வலிக்குதும்மா?"

"எங்க வலிக்கலைன்னு கேளுக்கா, சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவேன்."

அக்கா கழுத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். லேசான குறட்டை கூட வந்தது. பத்து நிமிடம் ஆனதும் அக்கா மெல்லத் தோளைத் தட்டினாள். அசைவில்லை. கூப்பிட்டாள். அசைவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ஆள், "விடுக்கா, என் நேரத்தையும் அதுவே எடுத்துக்கட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வீட்டுக்கே போகலை அது, அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்லைன்னு நிறுத்திட்டாங்க" என்றான்.

அதற்குள் மேடம் வந்துவிட்டாள். கையைத் தட்டி எழுப்பினாள். அந்தப் பெண் பதறி எழுந்து, கன்னத்தில் வளையத்தின் அச்சோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பெல்ட்டுக்கு ஓடினாள்.

மேடம் கோபப்படவில்லை. தன்மையாகத்தான் பேசினாள்.

"நல்லா பண்றீங்க. ஆனா இது புத்துணர்ச்சிக்கு. தூங்க வைக்கறதுக்கு இல்ல. நாளைக்கு கான்ட்ராக்ட்னு வந்தா அஞ்சு நிமிஷம் வெச்சுக்கலாம். இன்னும் நிறையப் பேர் முடிக்கலாம் இல்லையா? கொஞ்சம் அழுத்தமா பண்ணுங்க, முழிச்சிருப்பாங்க."

"சரிங்க மேடம்" என்றாள் அக்கா. அப்போது அவளுடைய வலது கை விரல்கள் மடங்க மறுத்துக்கொண்டிருந்தன. நாற்காலியை மடிக்க முடியவில்லை. "அடுத்த வாரம் வர்றவரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டு, சுவர் ஓரம் சாய்த்துவிட்டு வந்தாள். இடது கையால் ஸ்கூட்டர் சாவியைத் திருகி, கிளப்ப முடியாமல், அதையும் அங்கேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

வண்டி எங்கே என்று சிட்டு கேட்டபோது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றாள்.

மறுநாள் சிட்டு கடைக்குப் போன பிறகு, அக்கா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தாள். காத்திருந்த நேரம் முழுக்க ஹோட்டலில் கூட வேலை பார்த்த ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் இப்படித்தான் விரலில் ஆரம்பித்தது. ஆப்பரேஷன் செய்தார்கள். அப்புறம் அவளால் ஒரு டம்ளரைக் கூடக் கெட்டியாகப் பிடிக்க முடியவில்லை. ஹோட்டல் ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தது. அக்கா தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இதை நம்பித்தான் சிட்டு நிலையான வேலையை விட நிற்கிறாள்.

டாக்டர் விரலை அப்படியும் இப்படியும் வளைத்தார். ஊசி போன்ற ஒன்றைக் கையில் வைத்து, நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கச் சொன்னார். முடிவு வந்த தாளைப் படிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அக்கா மேஜை மேல் இருந்த பேனாக்களை இரண்டு முறை எண்ணி முடித்தாள்.

"நரம்பு கெடலை" என்றார். "வீங்கியிருக்கு, அவ்வளவுதான். ஆப்பரேஷன் எல்லாம் வேணாம். மூணு வாரம் கையைச் சும்மா வைங்க. அதுக்கப்புறம் பாதி வேலை. கட்டைவிரலுக்குப் பதிலா முழங்கைக்குக் கீழ இருக்கற பாகத்தால அழுத்துங்க. பழையபடி நாள் முழுக்க விரலைப் போட்டு அழுத்தினீங்கன்னா அடுத்த தடவை நான் வேற பேச வேண்டி வரும்."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அழாதீங்க. நல்ல சேதிதானே சொன்னேன். எங்க வேலை பார்க்கறீங்க? லீவுக்கு எழுதித் தர்றேன்."

"எங்கிட்டயேதான் வேலை பார்க்கறேன் டாக்டர்."

"அப்ப உங்க முதலாளிகிட்ட நீங்களே கேளுங்க."

"அவ ரொம்பக் கறாரு டாக்டர்" என்றாள். டாக்டரோடு சேர்ந்து அவளும் சிரித்துவிட்டாள்.

வெளியே வந்தபோது வெயில் கூட இதமாக இருப்பது போலிருந்தது. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். இனி மறைக்க வழியில்லை. வீட்டுப் படியேறும்போதுதான் மறுபடி அந்தக் கவலை வந்தது. சிட்டுவிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் பட்டையைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டாள்.

"என்ன அண்ணி இது? விழுந்துட்டீங்களா?"

அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். பற்பசை மூடி, ஸ்கூட்டர், காய்ந்த கட்டை போன்ற தோள்கள், அஞ்சு நிமிஷம், டாக்டர் சொன்னது. "கான்ட்ராக்ட் வேணாம் சிட்டு. என்னால முடியாது. உன் ஆசையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். மன்னிச்சிடு."

சிட்டு அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டையை மெல்லத் தடவினாள்.

"ஒரு மாசமா வலிக்குது, எங்கிட்ட வாயைத் திறக்கலை. நான் என்ன மூணாம் மனுஷியா?"

"நீ அவ்வளவு ஆசையா எழுதி ஒட்டினே..."

"நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" சிட்டு தரையைப் பார்த்தாள். "கடையில வேலையை விடறேன்னு சொல்லிட்டேன்னு சொன்னேன் இல்ல? சொல்லவே இல்ல அண்ணி. தினம் முதலாளி ரூம் வாசல் வரைக்கும் போவேன். கால் வராது. திரும்பி வந்து பில் போட ஆரம்பிச்சிடுவேன். வேலையை விட்டுட்டு, இது ஓடலைன்னா என்ன பண்றதுன்னு பயம். நீங்க அந்த மேடத்துகிட்ட கையெழுத்து போட்டுட்டா நான் மாட்டிக்குவேனேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"சந்தோஷத்துல சோறு இறங்கலைன்னு இல்ல நான் நெனச்சேன்!"

"பயத்துல அண்ணி!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிட்டுவும் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று கேட்கும்வரை ஓயவில்லை.

அந்த மூன்று வாரமும் சிட்டு அண்ணியைத் துணி பிழியக் கூட விடவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்தாள். அக்காவுக்குக் கை சரியில்லை, தேறி வந்த பிறகு ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல் பார்க்க மாட்டார், கட்டணமும் கொஞ்சம் கூடும் என்று பட்டென்று சொன்னாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்த ஓர் அம்மாள், "முதல்ல அவ கையைப் பார்க்கச் சொல்லு, என் கால் எங்கயும் ஓடிடாது" என்றாள். மற்றவர்களும் காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

தெருக் கோடியில் இருந்த தையல்காரப் பெண், மதியத்துக்கு மேல்தான் கடையைத் திறப்பாள். காலை நேரத்துக்கு முன் அறையை அக்காவுக்கு விடச் சம்மதித்தாள். தைக்கிற மேஜையை ஓரம் தள்ளினால் படுக்கையை விரிக்க இடம் கிடைத்தது. இனி படுக்கையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு மாடியும் ஏற வேண்டாம். சிட்டு, கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் வந்து துண்டு மாற்றி, எண்ணெய் சுட வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அக்கா முழங்கைக்குக் கீழே எண்ணெய் தடவி, சிட்டுவின் முதுகில் பழகிப் பார்த்தாள். "அண்ணி, அது விலா எலும்பு, சப்பாத்திக் கட்டை இல்ல" என்று சிட்டு கத்தினாள். நாலாவது நாள் கத்தவில்லை.

கை தேறியதும் நாற்காலியையும் ஸ்கூட்டரையும் எடுத்துவரக் கிடங்குக்குப் போனாள். வழியெல்லாம் மேடத்திடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கொஞ்சம் கூட அவசியப்படவில்லை.

"நாங்களே சொல்லணும்னு இருந்தோம்" என்றாள் மேடம். "மிஷின் வாங்கிட்டோம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கரெக்ட்டா ஆடிட்டு தானா நின்னுடும். நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க."

"ஐயோ, இல்லவே இல்ல மேடம்" என்று அக்கா வேகமாகச் சொன்னாள். நெஞ்சில் இருந்த கடைசிப் பாரமும் இறங்கியது.

மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பும்போது இடைவேளைக்கான மணி அடித்தது. பெல்ட் நின்றது. சாம்பல் சட்டைகள் வந்து சுவரை ஒட்டித் தரையில் சரிந்து உட்கார்ந்தன. சிலர் காலை நீட்டிக் கெண்டைச் சதையைப் பிசைந்துகொண்டார்கள். அவர்கள் நடுவில், ஒரு மேடை போட்டு, கறுப்புத் தோல் வைத்த பெரிய மிஷின் நாற்காலி நின்றது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. கைப்பிடிக்குக் கைப்பிடி குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"யாரும் உட்காரலையா?" என்று அக்கா பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாள்.

"பெரிய முதலாளி வந்து ரிப்பன் வெட்டணுமாம்க்கா. வெளிநாடு போயிருக்காரு. எப்ப வருவாருன்னு தெரியலை."

மேடையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து, அந்த நாற்காலியின் கால் வைக்கும் திண்டில் பின்னந்தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் தலைக்கடியில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. தூரத்தில் மேற்பார்வையாளர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.