உள்ளங்கைக்கு ஒரு ஹெல்த் கார்டு

ஒரு நாட்டின் மாண்பு அதன் படையிலும் இல்லை, கஜானாவிலும் இல்லை. யாரும் கேட்காமலே சட்டத்துக்குத் தலைவணங்குகிற குடிமகனின் நெஞ்சில் இருக்கிறது. மலையாளம் பேசுகிற மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் அப்படிப்பட்ட நெஞ்சு ஒன்று உண்டு. நௌரின் ஹோட்டலின் கல்லாவுக்குப் பின்னால், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அது பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெயர் அலாவுதீன். ஓட்டல்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

அவர் தலைக்கு மேலே சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டு மாட்டிய காகிதங்கள். கார்ப்பரேஷன் லைசென்ஸ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த சீட்டு, தராசுக்கு முத்திரை வைத்த சான்று, வேலையாட்கள் ஐந்து பேரின் ஹெல்த் கார்டு. சாப்பிட வருகிறவர்களுக்கு முதலில் சுவரைக் காட்டுவார், பிறகுதான் இலை. "இந்தத் தெருவுல ஒரு பேப்பர் குறையாத கடை இதொண்ணுதான், கேட்டோ."

அந்தக் காகிதங்களுக்காக அக்ஷயா சென்டர் என்கிற அரசு சேவை மையத்தில் வரிசையில் நின்றதும், மலையாளச் சர்க்குலரை மகள் நௌரினை வாசிக்கச் சொல்லி வரிவரியாகக் கேட்டதும், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியதும் அவர் மனைவி மெஹருன்னிசா. ஆணி அடித்தது சமையல்காரர் மாரிச்செல்வம். எங்கே அடிக்க வேண்டும் என்று விரல் நீட்டியது மட்டும் அலாவுதீன். அதிலும் இரண்டு ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

மெஹருன்னிசாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. போன வருடம் நாலு கடை தள்ளி ஒரு ஓட்டலுக்கு, ஒரே ஒரு சீட்டு புதுப்பிக்காததற்காகப் பூட்டுப் போட்டார்கள். நாற்பது நாள் கழித்துத் திறந்தபோது சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் வேறு இடத்தில் சாப்பிடப் பழகியிருந்தார்கள். அந்தக் கடைக்காரர் இப்போது சுள்ளிக்கல்லில் யாருடைய கடையிலோ புரோட்டா வீசுகிறார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்: தன் கடைக்கு ஒரு காகிதத்தால் பூட்டு விழக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சுபாஷிணி என்று பெயர், பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், மூடிகளைத் தூக்கிப் பார்த்தார், மாரிச்செல்வத்தின் தலைத் தொப்பிக்குள் விரல் விட்டுக்கூடப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கடைசியில் முதலாளியின் ஹெல்த் கார்டு எங்கே என்று கேட்டார்.

மெஹருன்னிசா இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கல்லாவோடு சரி, அடுக்களைப் பக்கம் வரமாட்டார், சாப்பாட்டைத் தொடுகிற வேலை இல்லை என்றாள். ஹெல்த் கார்டு வேண்டுமென்றால் டைபாய்டு ஊசி போட வேண்டும். நௌரினுக்குக் குழந்தையில் ஊசி போட்ட நாளெல்லாம் அலாவுதீன் ஆஸ்பத்திரி வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர். அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் 'கல்லாவோடு சரி' என்ற சொல் அலாவுதீனின் காதில் விழுந்துவிட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்படி எழுதிடாதீங்க மேடம். பதினேழு வருஷமா இந்தக் கை படாம ஒரு செம்பு தால்ச்சா வெளிய போனதில்ல."

மணி பதினொன்றரை. அந்த நேரத்துக்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பருப்பும் மட்டன் எலும்பும் வெந்து கொதிக்கிற, செம்பு என்று அங்கே சொல்லுகிற பெரிய அண்டாவின் முன்னால் அலாவுதீன் போய் நின்று வலது உள்ளங்கையை நீட்டுவார். மாரிச்செல்வம் அதில் அரைக் கரண்டி தால்ச்சா ஊற்றுவார். கரண்டிச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் நிற்கும். முதலாளி நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். பிறகு மலையாளத்தில் தீர்ப்பு: "உப்பு மதி." போதும் என்றால் போதும், மேல்முறையீடு கிடையாது. அன்றும் அதிகாரியை நேராகச் செம்பின் முன்னால் நிறுத்தி, நீட்டி, நக்கி, மூடி, "உப்பு மதி" என்றார்.

சுபாஷிணி பேனாவைத் திறந்தார்.

"நக்கின கையை அப்பறம் எங்கே கொண்டு வெப்பேள்?"

அலாவுதீனின் கை அப்போது செம்பின் விளிம்பில் இருந்தது.

முதலாளி தினமும் உணவைக் கையாளுகிறார், கார்டு இல்லை, ஏழு நாள் அவகாசம், தவறினால் கடை அடைக்கப்படும் என்று நோட்டீஸ் எழுதப்பட்டது. கார்டு வரும்வரை அவர் அடுக்களைக்குள் நுழையக் கூடாது. போகும்போது அதிகாரி மெஹருன்னிசாவைத் தனியே கூப்பிட்டு ஒரு வழியும் சொல்லிவிட்டுத்தான் போனார். இனிமேல் ருசி பார்க்கமாட்டேன் என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஊசியும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

மெஹருன்னிசா வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். அலாவுதீன் அவற்றைத் தொடவில்லை.

"ருசி பாக்கமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு சங்கத்துல நான் எப்படித் தலை நிமிர்ந்து உக்காருறது?"

"அப்ப ஊசி போட்டுக்குங்க."

"ஸாரமில்ல, அதுக்கென்ன. நாளைக்கே போடலாம்."

நாளைக்கு வேலைநிறுத்தம் வரலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது; கிளப்பியவர் அவர்தான். வியாழக்கிழமை இருமல். இருமல் இருக்கும்போது ஊசி போட்டால் அது நெஞ்சுக்குள் போய்விடுமாம். சாட்சிக்கு இரண்டு முறை இருமிக் காட்டினார். வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சட்டைக் கையைச் சுருட்டி, பள்ளிக்கூடத்தில் குத்தின தழும்பைக் காட்டி, அந்தக் காலத்து மருந்து உடம்பை விட்டுப் போகாது, இப்போது வருகிறதெல்லாம் கலப்படம் என்றார்.

இதற்கிடையில் முதலாளியின் உள்ளங்கை படாமலே நாலு நாள் தால்ச்சா இலைக்குப் போயிற்று. மெஹருன்னிசா முதல் நாள் பயந்துகொண்டுதான் நின்றாள். சாப்பிட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டார்கள், விரலை நக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மூன்று நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வழி கிடைத்தது. ஓட்டல்காரர்களுக்காக ஒரு ஹெல்த் கார்டு முகாம் நடத்துவது என்று சங்கம் மூன்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தது. தேதி குறிக்கும் பொறுப்பு செயலாளருடையது. செயலாளர் ஆறு மாதமாக நல்ல தேதி பார்த்துக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா அந்த ஒரு சாயங்காலத்திலேயே டாக்டரிடம் பேசி, லேப் ஆட்களிடம் பேசி, சங்கத் தலைவரின் வீட்டுக்கே போய் ஹாலின் சாவியை வாங்கி, திங்கட்கிழமை காலை பத்து மணி என்று முடித்தாள். அதிகாரிக்கும் போன் செய்தாள். பிறகுதான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"தொடங்கி வைக்கிறது நீங்கதான்."

அலாவுதீனின் இருமல் நின்றுவிட்டது. ஞாயிறு முழுக்க உரை தயாரித்தார். திங்கட்கிழமை காலை முழுக்கை வெள்ளைச் சட்டையை எடுத்தபோது அவள் அதை வாங்கி மடித்து வைத்தாள்.

"அரைக்கை போடுங்க. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

ஹாலில் நாற்பது ஓட்டல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சுபாஷிணி. அலாவுதீனுக்குப் பொன்னாடை போர்த்தி மேடைக்கு ஏற்றினார்கள். ஏறியதும் அவர் குத்துவிளக்கைத் தேடினார், இல்லை. ரிப்பனைத் தேடினார், அதுவும் இல்லை. ஒரு நாற்காலியும், வெள்ளைத் துணி விரித்த மேஜையும், பாக்கியலக்ஷ்மி என்ற நர்ஸும்தான் இருந்தார்கள். அலாவுதீனின் தலைக்குப் பின்னால், அன்று காலை மெஹருன்னிசா கட்டின பேனரில், செயலாளர் முதல் ஊசி போட்டுக்கொண்டு முகாமைத் தொடங்கி வைப்பார் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்து அதை வாசித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். பழைய துறைமுகத்தில் தொடங்கி, காலரா வந்த கதைக்குப் போய், அரசியல் சட்டத்தைத் தொட்டு, மறுபடி துறைமுகத்துக்கே வந்தார். நர்ஸ் ஊசியை ஒரு தட்டில் எடுத்து வைத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதென்று ஓட்டல்காரர்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த மெஹருன்னிசா எழுந்து நேராக மேடைக்கு நடந்தாள். மைக்கை அணைத்தாள். பொன்னாடையை எடுத்து மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கையை நீட்டுங்க."

"எந்தக் கை?"

"ருசி பாக்காத கை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மெஹரு, நாளைக்குப் போட்டுக்கறேனே."

"நாளைக்குப் பூட்டு."

அலாவுதீன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். தால்ச்சாவின் முன்னால் மூடுவது போலவே கண்ணை மூடினார். நர்ஸ் குத்தி, எடுத்து, பஞ்சு வைத்தார். கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், "சரி" என்று கம்பீரமாக எழுந்தார், எழுந்த வேகத்திலேயே தரையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி தன் ஃபைலால் விசிறினார். அந்தப் படம் மதியத்துக்குள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. செயலாளரே விழுந்து எழுந்த பிறகு மற்றவர்களுக்கு நழுவ வழியில்லை. சட்டைக் கைகள் வரிசையாகச் சுருண்டன.

அன்று சாயங்காலம் கார்டு கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை சுபாஷிணி வந்து பார்த்து, நோட்டீஸின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். ருசி பார்க்கலாம், ஆனால் தனிக் கரண்டி, அதற்கு முன்னும் பின்னும் சோப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். மாரிச்செல்வம் ஆணி அடித்தார். இந்தத் தடவை அலாவுதீன் காட்டிய இடம் சரியாக அமைந்தது, சுவரின் நட்டநடு.

பதினொன்றரைக்கு அவர் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஏழு நாளுக்குப் பிறகு அடுக்களைக்குள் நுழைந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் எந்த வரிசையிலாவது நின்றுகொண்டிருக்கும் மெஹருன்னிசாவுக்கு அன்று போக வேண்டிய ஆபீஸ் எதுவும் இல்லை. அவளும் கதவோரம் நின்று பார்த்தாள். தனிக் கரண்டியில் வந்தது. கரண்டிச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் நின்றது. அவர் நக்கிவிட்டுக் கண்ணை மூடினார்.

"உப்பு மதி."

கல்லாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, வந்த ஆளுக்குச் சுவரைக் காட்ட ஆரம்பித்தார்.

மாரிச்செல்வம் உப்பு டப்பாவைத் திறந்து, மூன்று பிடி அள்ளிச் செம்பில் போட்டுக் கிளறினார். மெஹருன்னிசா அவரைப் பார்த்தாள்.

"முன்னாடியே போட்டா ஏதாவது சொல்லுவாருக்கா," என்றார் அவர். "அதான் எப்பவும் அவர் போனப்புறம் போடுறது."

அதுவரை தால்ச்சாவில் உப்பே இல்லை.