பதினைந்தாம் நாள் தாள்

பெருங்களத்தூர் ஃப்ளாட்டில் தீபலட்சுமி வளர்க்கும் இரண்டு முயல்களுக்குத் துணையாக, அவள் அண்ணன் குமரவேல் கேளம்பாக்கத்திலிருந்து இன்னொன்று வாங்கிவந்தான்.

“இன்னிக்கு முகூர்த்தம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள கூண்டுல விட்டுடு.”

“நோய் இருக்கான்னு தெரியணும். பதினாலு நாள் தனியாத்தான் இருக்கும்.”

“கொழுகொழுன்னு இருக்கு, இதுக்கா நோய்? நல்ல நாளை விட்டுட்டு அப்புறம் புலம்பாதே!”

தீபலட்சுமி தினசரி காலண்டரைப் புரட்டினாள். பதினைந்தாம் நாளும் முகூர்த்தம்தான். அந்தத் தாளை மடித்துவிட்டு, புதிய முயலைத் தனி அறையில் விட்டாள்.

ஒன்பதாம் நாள் அதற்குத் தும்மல் வந்தது, மூக்கில் சளி. டாக்டர் மருந்து கொடுத்தார். பழைய முயல்கள் இரண்டும் சளைக்காமல் கீரை மென்றுகொண்டிருந்தன.

கேள்விப்பட்டு வந்த குமரவேல் புதியதைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே கூண்டுப் பக்கம் போனான். தீபலட்சுமி குறுக்கே நின்றாள்.

“அடுத்த முகூர்த்தம் நீயே பாத்துச் சொல்லுண்ணா. இப்ப மொதல்ல போய்க் கையைக் கழுவு.”