சுண்டுவின் வயது

தம்பி சட்டத்தை முதலில் வாங்கிவிட்டான். உள்ளே வைப்பதற்கான வம்சாவளி இன்னும் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் தேக்குச் சட்டம், கண்ணாடி, மாட்டுவதற்கு ஆணி, எல்லாம் தயார். அவன் எப்போதும் அப்படித்தான். மின்விசிறி விற்கும் கடை வைத்திருக்கிறான். புது வீடு கட்டி முடித்ததிலிருந்து, வரவேற்பறைச் சுவரில் முன்னோர்களை மாட்டாவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்திருந்தான்.

"நம்ம பரம்பரையில யாராவது ஒருத்தர் பெரிய ஆளா இருந்திருப்பாருக்கா. இல்லாமலா எனக்கு இவ்வளவு தைரியம்?"

இதுவரை அகப்பட்டவர் அம்மாவின் தாத்தா ஒருவர்தான். அவரைப் பற்றிக் கிடைத்த ஒரே ஆவணம், காவல் வேலையில் தூங்கியதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிய உத்தரவு. அதைச் சட்டத்துக்குள் வைக்க வேண்டியதில்லை என்று தம்பி பெருந்தன்மையாக முடிவெடுத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அக்காவின் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தான். ஒன்று, அம்மாவின் அப்பா எழுதிய உயிலின் நகல். பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து வாங்கியது. இன்னொன்று துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. அதற்குள் அம்மா தன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. மாமா வேறு தேசத்தில் வேலை பார்த்து அங்கேயே காலமானவர். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. டப்பாவோடு அனுப்பிவிட்டார்கள்.

"இதைப் படிக்க உன்னை விட்டா ஆள் இல்ல. நீதான் காகிதத்தோட பொறந்தவ."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாகச் சேர்க்கைப் பிரிவைப் பார்க்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு. ஆள் அவ்வளவுதான் உயரம். ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. படிப்பும் எட்டவில்லை, ஒன்றாம் வகுப்பையே இரண்டு வருடம் படித்தாள். அப்படிப்பட்டவளுக்கு இன்று அலுவலகத்தில் மேசையும் முத்திரையும் கிடைத்து, ஊர்க் குழந்தைகளின் வயதை எல்லாம் அவள்தான் நிர்ணயிக்கிறாள். ஜூன் முதல் தேதி ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அடுத்த வருடம் வாருங்கள். இந்த வருடம் பதினோரு நாள் குறைந்த ஒரு குழந்தையின் தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "நான் என்னம்மா பண்றது, காகிதம் என்ன சொல்லுதோ அதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் சுண்டு. கல்நெஞ்சு என்று சொல்ல முடியாது. காகிதத்தை நம்பினாள், அவ்வளவுதான்.

தம்பி உயிலை விரித்தான். தாத்தா தன் பேரக்குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பொருள் எழுதி வைத்திருந்தார். மாமாவின் பெரிய பையனுக்குச் சுவர்க்கடிகாரம், சின்னவனுக்கு எழுதும் மேசை, பெரியம்மா மகளுக்குத் தையல் மிஷின். 'இம்மூவரைத் தவிர எனக்கு வேறு பேரக்குழந்தைகள் இல்லை' என்று ஒரு வரி.

"நான் அப்போ பொறக்கல, என்னை விடு. நீ பொறந்து பத்து மாசம் ஆச்சு. உனக்கு ஒரு கரண்டிகூட எழுதி வைக்கலையே தாத்தா! பேத்தியே இல்லைன்னுட்டாரு!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சுண்டு சிரிக்கவில்லை. வம்சாவளி எழுத வேண்டிய வெள்ளை அட்டையை வைத்துவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பிப் போன பிறகும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது புதிய காயம் இல்லை. தம்பியின் பிறந்தநாள் வந்தால் வீடு இரண்டுபடும். அவளுடைய பிறந்தநாள் மார்ச் ஒன்பது. அன்று அம்மா அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொள்வாள். அப்பா வெளியே போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பத்து வயதில் சுண்டு தானே ஒரு சாக்லேட் வாங்கி, கொல்லைப்புறத்தில் தனியாக நின்று தின்றிருக்கிறாள். சான்றிதழில் அவளுக்கு அழகான ஒரு பெயர் உண்டு. அம்மா ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கென்று இருந்த ஒரே ஆசை போட்டோ பிடித்துக்கொள்வது. வருடத்தில் ஒருநாள் "நல்ல துணியாப் போட்டுக்கோ" என்று அவளையும் இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவாள். அதுவும் அம்மாவின் அலங்கார ஆசை என்றுதான் சுண்டு நினைத்திருந்தாள்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசியில் பெற்ற மகளின் வயதுகூட அவளுக்கு நினைவில்லாமல் போயிற்று. சுண்டு கல்யாணம் வேண்டாம் என்று தட்டிக் கழித்துவிட்டு அப்பா அம்மாவோடேயே இருந்தவள், இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டவள். ஆனாலும் உள்ளே ஒரு கேள்வி ஆறாமல் இருந்தது. இந்த வீட்டுக்கு நான் வேண்டியவளா, வேண்டாதவளா? கேட்க வாய் வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

டப்பாவைத் திறந்து, அலுவலகத்தில் செய்வதுபோலவே கடிதங்களை வருடவாரியாக அடுக்கி, கிளிப் போட்டாள். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

தான் பிறந்த வருடத்துக் கட்டுக்குள் இருந்த ஜூலைக் கடிதம் இனிப்பாக இருந்தது. 'பாப்பா குப்புற விழுந்துவிட்டாள் அண்ணா, தலையைத் தூக்கித் தூக்கி என்னைத் தேடுகிறாள்.' சுண்டுவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்தது அக்டோபர் பத்தொன்பது.

'அண்ணா, பாப்பா போய்விட்டாள். நாலு நாள் ஜுரம். ஏழு மாதம்தான் என்னோடு இருந்தாள்.'

சுண்டு பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அம்மா தேதியைத் தப்பாக எழுதியிருப்பாள், அல்லது இது பக்கத்து வீட்டுப் பாப்பாவாக இருக்கும். முப்பத்தோரு வருட அனுபவம் அப்படித்தான் யோசித்தது. நவம்பர்க் கடிதத்தை எடுத்தாள்.

'பதிவு பண்ணிவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பினார். நான் விடவில்லை. பிறந்தாள் என்று சந்தோஷமாக எழுதிக்கொடுத்த இடத்தில் போய், இல்லை என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறாயா அண்ணா? அந்தக் காகிதத்திலாவது அவள் இருக்கட்டும்.'

கை தானாக உயிலின் பக்கம் போனது. அதன் தேதி அடுத்த ஜனவரி. தாத்தா யாரையும் விடவில்லை. அவர் அந்த வரியை எழுதிய நாளில் அம்மாவுக்கு மகள் என்று யாரும் இல்லை.

அடுத்த வருடக் கட்டின் கடைசியில், நவம்பர் முப்பது தேதியிட்டு இன்னொரு கடிதம். 'பெண் பிறந்து எட்டு நாள் ஆயிற்று. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள். சுண்டு என்றுதான் கூப்பிடுகிறேன். இந்த முறை எங்கேயும் எழுதி வைக்கப் போவதில்லை அண்ணா. எழுதினால் பறித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.'

பள்ளிக்கூடத்தில் வைத்து வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்த பட்டப்பெயர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பின்னறையில் அப்பா செய்தித்தாளை விரித்துப் போட்டு, கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. கண் மட்டும்தான் மங்கல், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. சுண்டு கடிதங்களோடு வாசலில் நின்றாள்.

"அப்பா, எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாளா?"

நகவெட்டி நின்றது. அவர் வெட்டிய துணுக்குகளை எல்லாம் ஒன்றுவிடாமல் காகிதத்தில் சேர்த்து, மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இருந்தா."

"அவ சான்றிதழத்தான் எனக்குக் குடுத்தீங்களா?"

"பள்ளிக்கூடத்துல காகிதம் இல்லாம முடியாதுன்னுட்டாங்க. உன்ன மாதிரியே ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா, அசைஞ்சு குடுக்கல. வீட்டுல ஒரு பொண்ணோட காகிதம் இருந்துச்சு. ஒரு பொண்ணு இருந்தா. கொண்டுபோய்க் குடுத்துட்டேன். உங்கம்மா ரெண்டு நாள் என்னோட பேசல."

"நாலரை வயசுல என்னை ஒண்ணாங்கிளாஸ்ல தள்ளியிருக்கீங்க. மக்கு மக்குன்னு எத்தனை பேருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அப்பா. "சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே வயசாயிடுச்சு."

சுண்டுவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருடக் கேள்வியை ஒரே மூச்சில் கேட்டாள்.

"அப்போ நான் யாருப்பா? அவ போன இடத்துல நிக்க வெச்ச ஆளா? அவ பேரு, அவ தேதி, அவ காகிதம். எனக்குன்னு அம்மா என்ன குடுத்தா?"

"மார்ச் ஒன்பதாம் தேதி அவளால எப்படிம்மா சிரிக்க முடியும்?"

"அது சரி. நான் பொறந்தது நவம்பர் இருபத்திரண்டு. அன்னிக்கு ஒருநாளாவது சிரிச்சாளா?"

அப்பா மங்கிய கண்ணால் அவளைத் தேடிப் பார்த்தார். "நாள், தேதி எல்லாம் எனக்கு எங்க நிக்குது? உங்கம்மாவும் வாய் திறக்கல. சின்னப் பிள்ளை, வெளியில உளறிட்டா சேர்க்கை போயிடுமேன்னு பயந்தா. அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

நவம்பர் இருபத்திரண்டு. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்தத் தேதி அவளுக்குள் எங்கேயோ இடித்தது. வயலெட் மையில், வட்டமாக. தேதி முத்திரைகள் அவளுக்கு மறக்காது, அதுதானே அவள் பிழைப்பு. நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆல்பத்தை இறக்கினாள். பசை காய்ந்திருந்தது. முதல் படத்தை நெம்பி எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

ஸ்டூடியோ முத்திரை: நவம்பர் 22. அதற்குக் கீழே பென்சிலில் 1.

அம்மாவின் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. அடுத்த படத்தில் 2, அதற்கடுத்ததில் 3. ஸ்டூடியோக்காரர்கள் போட்ட வரிசை எண் என்றே அவள் நினைத்திருந்தாள். படங்களைத் தரையில் பரப்பினாள். ஸ்டூடியோ மூன்று முறை கைமாறியது, முத்திரையின் நிறம் மாறியது, தேதி மாறவில்லை. ஏழு படங்களில் மட்டும் 21 என்று இருந்தது. விடுவாளா சுண்டு, பழைய காலண்டரைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டாள். அந்த ஏழு வருடங்களில் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. 19, 20 என்று எழுதிய படங்களில் அம்மா மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சுண்டு வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்த வருடங்கள். 'தனியாப் போய்ப் படம் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கியே, என்னம்மா ஆசை உனக்கு' என்று அப்போது கேலி செய்திருக்கிறாள்.

கடைசிப் படத்தைத் திருப்பக் கை வரவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்துவிட்ட வருடம். வெளியே தூறல். ஸ்டூடியோவுக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "இப்ப போட்டோ ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே சுண்டு ஆட்டோ பிடித்தாள். போகிற வழியில் அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என் சுண்டுவுக்கு அம்பது ஆயிடுச்சு."

"அம்பத்தொண்ணு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சும்மா. பெத்த பொண்ணு வயசுகூட மறந்துபோச்சு உனக்கு."

அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிடி. உன் காகிதம் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

படத்தில் அம்மா வாயெல்லாம் பல்லாக இருந்தாள். பக்கத்தில் நின்ற சுண்டுவின் முகம் கடுகடு என்று இருந்தது. பின்பக்கத்தில், நடுங்கிய கையால் இரண்டு தடவை அழுத்தி எழுதிய 50.

சுண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் இத்தனை சத்தமாக அழுது அந்த வீடு கேட்டதில்லை. அப்பா சுவரைத் தடவித் தடவி வந்து, படங்களை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி வைத்துவிட்டுப் போன வெள்ளை அட்டையை எடுத்தாள். அம்மா அப்பா பெயருக்குக் கீழே முதல் கட்டத்தில், இவ்வளவு நாள் தன்னுடையது என்று நினைத்திருந்த பெயரை எழுதினாள். மார்ச் ஒன்பதிலிருந்து அக்டோபர் வரை. இத்தனை வருடம் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த நிம்மதி இருந்தது. அலுவலகத்துக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டத்தில், சுண்டு, நவம்பர் 22. பட்டப்பெயரை எல்லாமா தேக்குச் சட்டத்தில் மாட்டுவது என்று தம்பி குதிப்பான். குதிக்கட்டும்.

"ஆக, உனக்கு இப்ப என்ன வயசு ஆச்சு?" என்று கேட்டார் அப்பா.

"அம்பத்தாறு. வர்ற நவம்பர்ல அம்பத்தேழு." கடைசிப் படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அம்மா சொன்னதுதான்பா சரி. நான்தான் திருத்திட்டேன்."